ஒன்பதாம் இலக்க வீட்டின் ஐந்து பெயர்கள்

பரீதா எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடி, கையிலிருந்த பிளாஸ்ரிக் உறையை வெயிலுக்கு மறைப்பாக நெற்றிக்கு மேல் பிடித்திருந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். உறைக்குள் பத்திரிகைத் துண்டு ஒன்று தெரிந்தது. எழுத்துகளின் அமைப்பைக் கொண்டே அது எந்தப் பக்கம் என்று கண்டுகொண்டேன். வார இதழில் நான் எழுதும் இந்தத் தொடர் வெளிவரும் பக்கம்.

வாசகர்கள் வீடு தேடி வருவது புதிதல்ல. மங்கிய குடும்பப் படம் கொண்டுவருவார்கள். தகப்பனார் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர் என்பார்கள், அவரைப் பற்றி இரண்டு வரி வருமா என்று கேட்பார்கள். இவரும் அப்படித்தான் என்று எண்ணி விறாந்தைக்கு வரச் சொன்னேன்.

வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். சாம்பல் நிற அபாயா. வலது ஆட்காட்டி விரலின் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தோல். தையல் வேலை செய்பவர் என்று கேட்காமலே தெரிந்தது. துண்டை வெளியே எடுக்காமல் உறையோடு என் பக்கம் தள்ளினார்.

"இது நீங்க எழுதினதா ஐயா?"

ஓம் என்றேன்.

"எழுத்து நல்லா இருக்கு. மகள்தான் வாசிச்சிக் காட்டின." உறையின் மேல் விரலை வைத்தார். "ஆனா எங்கட ஊட்டுல நாங்க இருக்கல்லயாம். இதுல அப்பிடித்தான் போட்டிருக்கு."

அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். பத்திரிகைத் துண்டு என்று நான் நினைத்தது போட்டோக்கொப்பி. இடது ஓரத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள், கோப்பில் குத்திய ஓட்டைகளின் நிழல். நடுவில் ஒரு வாக்கியத்தின் கீழ் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. நான் எழுதிய பக்கம் காணிக் கந்தோரின் கோப்பு ஒன்றுக்குள் போய், அங்கிருந்து என்னிடம் திரும்பி வந்திருந்தது.

அந்த ஒழுங்கை

உட்துறைமுகத்துக்குப் பின்னால், பழைய களஞ்சியங்களின் மதில்களுக்கு இடையில் பண்டகசாலை ஒழுங்கை இருக்கிறது. பதினொரு வீடுகள். ஒரு முச்சக்கர வண்டி உள்ளே போகலாம், திரும்ப ஏலாது, பின்னோக்கித்தான் வர வேண்டும். ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு களஞ்சியச் சுவர். காற்று கடற்பக்கமிருந்து வந்தால் டீசல் மணக்கும், கடைப்பக்கமிருந்து வந்தால் கருவாடு.

இரண்டு மாதங்களுக்கு முன் அதைப் பற்றி இங்கே ஓர் அத்தியாயம் எழுதினேன். அதற்கு ஆதாரமாக இருந்தவை வரி மதிப்பீட்டு ஏடுகள் ஐந்து. வெவ்வேறு காலத்தவை. முதலாவது வெள்ளைக்காரர் காலத்தது, கடைசி அண்மையது. ஒவ்வொன்றும் தலையணைத் தடிப்பு. திறந்தால் தும்மல் வரும். முன் அட்டைத் துணி கையில் நீலமாக ஒட்டும். உள்ளே நான்கு நிரல்கள்: வீட்டு இலக்கம், குடியிருப்பாளர் பெயர், கூரை வகை, குறிப்பு.

பதினொரு வீடுகளில் ஒன்பதாம் இலக்கத்தை உதாரணமாக எடுத்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து ஏடுகளிலும் கறையான் தொடாத வரி அந்த வீட்டுக்குத்தான் இருந்தது.

அங்கே ஐந்து பெயர்கள். அகமதுலெவ்வை. மீராசாகிபு. ஆதம்பாவா. இஸ்மாயில். நஸீர். ஒருவர் பெயரின் முன்னால் தகப்பன் பெயராக மற்றவர் பெயர் இல்லை. அகமதுலெவ்வையின் மகன் என்று ஒருவரும் அடுத்த ஏட்டில் இல்லை. மற்ற வீடுகளில் வாசிக்க முடிந்த வரிகளும் இதே மாதிரி. தகப்பன் இருந்த வீட்டில் மகன் இல்லை.

ஆகவே இப்படி எழுதினேன்: 'துறைமுகம் கொண்டுவந்து விட்டவர்களைத் துறைமுகமே கூட்டிப் போனது. இந்த ஒழுங்கையில் எந்தக் குடும்பமும் ஒரு தலைமுறைக்கு மேல் தங்கியதில்லை.'

அந்த இரண்டாவது வாக்கியத்தின் கீழ்தான் கோடு.

எழுதிய நாளில் எனக்கு அது பிடித்திருந்தது. வெளிவந்த கிழமை நிலாவெளியிலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தொலைபேசியில் அந்த வரிகளை எனக்கே வாசித்துக் காட்டினார். துறைமுக ஊர் என்றால் அப்படித்தானே என்றார். நானும் ஓம் என்றேன்.

அவருக்கு வேண்டியது

பரீதா கோபமாகப் பேசவில்லை. முறையாகச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

வீடு நிற்பது அரச காணியில். உறுதிப் பத்திரம் கிடையாது. நீண்டகாலம் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்டினால் காணிக்குப் பத்திரம் தருவார்கள். அதற்கு அரசாங்கக் காணிக் கந்தோரில் விண்ணப்பித்து வருடக்கணக்காகிவிட்டது. கோப்பில் இருந்த என் பக்கத்தைக் கொப்பி எடுத்துக் கொடுத்ததும் அங்கேதான். விசாரணைக்கு இப்போதுதான் தவணைத் திகதி வந்திருக்கிறது. காட்ட முடியாவிட்டால் அந்தக் காணித் துண்டு வெறுங்காணிப் பட்டியலில் சேரும். அதன்பிறகு குத்தகைக்குக் கேட்பவர்களுக்குப் போகலாம். ஒழுங்கை முனைக் களஞ்சியக்காரர் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறார்.

மகள் ரிஸ்னாவுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். கிண்ணியா ஊர்ப் பிள்ளை. மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வருவதாகத்தான் பேச்சு. வீட்டை மகளின் பெயருக்கு எழுத வேண்டும். எழுதுவதற்கு முதலில் தாயிடம் ஒரு பத்திரம் இருக்க வேண்டும். பரீதாவின் கணவர் நஸீர் இறந்து நான்கு வருடம். என் பட்டியலின் ஐந்தாவது பெயர் அவருடையது.

"இஸ்மாயில் ஆர்?" என்று கேட்டேன்.

"எங்கட வாப்பா."

"அப்ப ஆதம்பாவா?"

"உம்மாட வாப்பா."

தகப்பன் வழியில் தேடிய எனக்கு அந்தப் பதில் உடனே ஏறவில்லை. மருமகன் மாமனார் வீட்டில் வந்து இருந்த கதை என்று மட்டும் விளங்கியது. இரண்டு தலைமுறைக்கு அவர் சொல்வது சரியாக இருக்கலாம், அதற்கு முந்தியதற்கு என்ன சாட்சி என்று கேட்டேன். ஏட்டில் இருப்பதைத்தான் எழுதினேன் என்றும் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் நன்றாக இல்லை.

பரீதா எழுந்தார். போவதற்கு முன் ஒன்று சொன்னார்.

"நீங்க வந்து ஒருக்கா ஊட்டப் பாருங்க. பாக்காமத்தானே எழுதின."

உண்மை. பார்க்கவில்லை. ஒழுங்கையின் முனையில் நின்று மணத்தைப் பற்றி இரண்டு வரி குறித்துக்கொண்டு திரும்பியிருந்தேன்.

வத்தையில் ஆர் இருந்தது

இளவயதில் நான் செய்தி அனுப்பிய பத்திரிகையில் ஒரு செய்தியாசிரியர் இருந்தார். வெற்றிலை போட்டபடி தொலைபேசியில் பேசுவார். பாதி சொல் வரும், பாதி வராது. நான் அனுப்பிய முதல் துறைமுகச் செய்தி, சாமான் ஏற்றிய வத்தைப் படகு ஒன்று கரைக்கு எட்டுக் கஜத் தூரத்தில் மூழ்கியது பற்றியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வத்தையின் சொந்தக்காரர் பெயர், ஏற்றிய சாமான், நேரம் எல்லாம் சரியாக எழுதியிருந்தேன்.

நான் இரவலாகப் பாவித்த பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் செய்தியாசிரியர் கூப்பிட்டார். வத்தையில் ஆர் இருந்தது என்று கேட்டார். சொந்தக்காரர் பெயரைச் சொன்னேன். அவர் கடையில் இருந்திருப்பார், வத்தையில் ஆர் இருந்தது என்று மறுபடியும் கேட்டார். திரும்பிப் போய் நாலு பேரின் பெயர், வயது, ஊர் கேட்டு வந்தேன். ஒருவர் இலங்கைத்துறைக்காரர். ஈரச் சாரத்தைப் பிழிந்தபடி, தன் பெயர் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்டது நினைவிருக்கிறது.

பெயர், வயது, ஊர். பிறகு முப்பது வருடம் அந்த மூன்றையும் கேட்காமல் ஒரு செய்தியும் அனுப்பியதில்லை. ஓய்வு பெற்று ஏடுகளுக்குள் போன பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. ஏட்டில் பெயர் தயாராக இருக்கிறது. கேட்க வேண்டியதில்லை.

கிணற்றின் மேல் மதில்

மறுநாள் பின்னேரம் ஒன்பதாம் இலக்கத்துக்குப் போனேன். முன்னறையில் தையல் மெசின், மேசையில் பாடசாலைச் சீருடை வெள்ளைத் துணி. ரிஸ்னா தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பையை வைத்த விதத்திலேயே தாயைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம் என்று தெரிந்தது.

பரீதா என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கிணறு. அதன் வாயின் நடுவால் மதில் போகிறது. அரைவட்டம் இந்த வீட்டுக்கு, அரைவட்டம் பக்கத்து வீட்டுக்கு. இரண்டு பக்கமும் கப்பி. மதிலின் அடியில் கிணற்றுக்குக் குறுக்கே ஒரு தண்டவாளத் துண்டு போட்டு, அதன்மேல் கல் அடுக்கியிருந்தார்கள். துறைமுகத்துத் தண்டவாளம் என்று பார்த்தவுடன் தெரியும்.

நான் இதை ஏற்கெனவே வாசித்திருந்தேன். ஐந்து ஏடுகளிலும் ஒன்பதாம் இலக்கத்துக்கு நேரே குறிப்பு நிரலில் 'பங்குக் கிணறு' என்று இருந்தது. பெயர் மாறியது, கூரை கிடுகிலிருந்து ஓட்டுக்கு மாறியது, பங்குக் கிணறு மாறவில்லை. வீடு அதே வீடு என்பதற்கு அது போதும். அதே குடும்பம் என்பதற்குப் போதாது.

"இந்தக் கிணத்த ஆர் வெட்டினதெண்டு தெரியுமோ?"

"தெரியா. கிணத்தடி உம்மா எண்டு ஒருத்தர் இருந்தவ. உம்மாட உம்மாவுக்கும் உம்மா. அவட காலத்துல இருந்ததாம்."

"அவவின்ர பேர்?"

"கிணத்தடி உம்மா எண்டுதான் கேள்வி. பேர் கேக்கல்ல."

கரண்ட் பில்

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிடும்போது நடந்ததைச் சரோஜாவுக்குச் சொன்னேன். சரோஜா என் மனைவி. என் தொடரை அச்சில் வந்த பிறகுதான் வாசிப்பார், அதுவும் எழுத்துப்பிழை பார்ப்பதற்கு.

எல்லாவற்றையும் கேட்டார். மீன் பொரியலை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"இந்த வீட்டுக் கரண்ட் பில் ஆற்ர பேரில வருது?"

"என்ர பேரில."

"தண்ணி பில்?"

"அதுவும்."

"வீடு ஆற்ர?"

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ர அம்மா எனக்குத் தந்த வீடு. அவவுக்கு அவவின்ர அம்மா குடுத்தது. உங்கட பேர் படலையில கிடக்கிறது தபால்காரனுக்காக." கையைக் கழுவ எழுந்தபடி சொன்னார். "நூறு வருஷத்துக்குப் பிறகு உங்களை மாதிரி ஒருத்தர் வந்து ஏட்டைப் பார்த்தா, இஞ்சையும் வாடகைக்காரர்தான் மாறி மாறி இருந்தது எண்டு எழுதுவார்."

நான் மூதூர்ப் பக்கத்து ஆள். கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் படகில் இந்தப் பட்டினத்துக்கு வந்து இறங்கினேன். கையில் ஒரு றங்குப்பெட்டி. அதில் நாலு சேர்ட், இரண்டு சாரம், ஒரு வானொலி. அலைக்குப் பெட்டி நனைந்து வானொலி ஒரு மாதம் பேசவில்லை. எங்கள் பகுதியில் அதுதான் முறை. பெண்பிள்ளைக்கு வீடு, ஆண்பிள்ளை பெட்டியோடு போவான். என் தமையன்மார் இருவரும் அப்படிப் போனவர்கள்தான். எங்கள் தாயின் வீட்டில் இப்போது தங்கை இருக்கிறார். மின்பட்டியல் மச்சான் பெயரில் வருகிறது.

ஐந்து ஏடுகள் ஐந்து சாட்சிகள் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் ஒரே நிரலைத்தான் ஐந்து தடவை வாசித்திருக்கிறேன். அந்த நிரலில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல் பெட்டியோடு வந்தவர்கள்.

மறுபடியும் பதிவறை

பதிவறைப் பொறுப்பாளர் தவராசா என்னை எதிர்பார்க்கவில்லை. வாசலில் ஒரு மான் நின்றது. இந்தப் பட்டினத்து மான்களுக்குப் புல்லும் ஒன்றுதான், கடதாசியும் ஒன்றுதான். அதைக் கலைப்பதற்குத் தவராசா ஒரு பழைய நாட்காட்டியைச் சுருட்டி வைத்திருப்பார்.

"என்ன ஐயா, முடிஞ்சுதெண்டு போனனீங்கள்."

பிழை விட்டிட்டன் என்றேன்.

"நீங்களோ? இஞ்ச பிழை விடுறது கறையான் மட்டுமெண்டு நினைச்சன்."

இந்தத் தடவை கேட்டது வாக்காளர் இடாப்புகள். மதிப்பீட்டு ஏட்டில் வீட்டுக்கு ஒரு பெயர். இடாப்பில் வீட்டிலுள்ள வளர்ந்தவர்கள் அனைவரும் வருவார்கள், பெண்களும். முன்பு நான் அவற்றைத் தொடவில்லை. எழுத்து மிகச் சிறியது, ஒரு வீட்டுக்கு ஆறு ஏழு பெயர். ஒரு பெயர் போதும் என்றிருந்தவனுக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் பகுதி முஸ்லிம் பெண்களின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் வரும். கலியாணத்துக்குப் பிறகும் அது மாறாது. கணவன் பெயர் ஒட்டாது.

மிகப் பழைய இடாப்பில் ஒன்பதாம் இலக்கம்: மீராசாகிபு. அடுத்த வரியில் அவர் மனைவி, அகமதுலெவ்வை கதீஜா உம்மா.

அகமதுலெவ்வை. என் முதலாம் ஏட்டில் இருந்தவர். கதீஜா உம்மா அவருடைய மகள்.

அதற்கடுத்த இடாப்பில்: ஆதம்பாவா. மனைவி, மீராசாகிபு ஆசியா உம்மா. அதே வீட்டில் முதிய கதீஜா உம்மாவும் இருக்கிறார். பிறகு: இஸ்மாயில். மனைவி, ஆதம்பாவா சபியா உம்மா. ஆசியா உம்மாவும் இருக்கிறார். இன்னொன்றில் சபியா உம்மாவுக்குக் கீழே புதிய வாக்காளராக இஸ்மாயில் பரீதா.

ஒவ்வொரு மனைவியின் பெயருக்கு முன்னாலும் முந்திய ஏட்டின் குடியிருப்பாளர் நின்றார். ஒவ்வொரு தாயும் அடுத்த இடாப்பில் மகளோடு கூடவே இருந்தார். நான் எழுதியதற்கு நேர்மாறான சங்கதி ஓர் இடைவெளியும் இல்லாமல் அங்கே அச்சில் இருந்தது. தொடாமல் விட்டது நான்தான்.

ஓர் இடைவெளியும் இல்லை என்பது சரியல்ல. ஒன்று இருக்கிறது. யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்த பிரச்சினைக் காலத்து இடாப்பு ஒன்றில் ஒன்பதாம் இலக்கத்துக்கு நேரே ஒரு பெயரும் இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எட்டுக்கும் இல்லை, பத்துக்கும் இல்லை. பதினொரு வீட்டுக்கும் இலக்கம் மட்டும் அச்சாகி, பெயர் வர வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. அதற்கடுத்த இடாப்பில் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். நஸீர், இஸ்மாயில் பரீதா, ஆதம்பாவா சபியா உம்மா. அந்த வெள்ளைக்கு முந்திய பரீதாதான் பிந்திய பரீதா.

தவராசா எட்டிப் பார்த்தார். அந்த வருடம் எங்கட ஒழுங்கையும் இப்பிடித்தான் வெள்ளையாக் கிடக்கும் என்று சொல்லிவிட்டு, உறுதிப்படுத்திய பிரதி எடுப்பதற்குப் படிவம் எடுத்துத் தந்தார். படிவம் நிரப்பும்போது மான் மறுபடியும் வாசலுக்கு வந்திருந்தது.

கோப்பில் குத்துவதற்கு

பிரதிகளோடு பரீதாவும் நானும் காணிக் கந்தோருக்குப் போனோம். கோப்பைப் பார்ப்பவர் ஓர் இளம் பெண் உத்தியோகத்தர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். என் பக்கத்தை ஒவ்வொரு கிழமையும் வெட்டி ஒட்டி வைப்பதாகச் சொன்னார். அந்த ஒழுங்கையைப் பற்றி வேறு எழுத்து ஒன்றும் கிடைக்காததால்தான் கோப்பில் சேர்த்ததாகவும் சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கோட்டை இழுத்தவர் அவர், கோடு இழுக்கத்தக்கதை எழுதியவன் நான்.

பிரதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். இடாப்பைச் சேர்த்துக்கொள்வேன் என்றார். ஆனால் கட்டுரையும் கோப்பில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. விசாரணை நடத்துபவர் வேறு ஆள். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, இந்த ஊரை நன்றாகத் தெரிந்தவர் எழுதியது என்று கட்டுரையை நம்பலாம்.

நான் எழுதியது பிழை என்று இப்போதே சொல்கிறேன் என்றேன்.

"நீங்க சொல்லுறத நான் நம்புறன் ஐயா. ஆனா நம்பிக்கையக் கோப்பில குத்த ஏலாது." கோப்பை மூடினார். "பத்திரிகையில வந்தது பத்திரிகையிலயே பிழையெண்டு வரட்டும். விசாரணைக்கு முதல் வருமோ?"

ஞாயிற்றுக்கிழமை வரும் என்றேன். விசாரணை அதற்கடுத்த வியாழக்கிழமை.

இந்த வார இதழில் திருத்தங்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. ஆசிரியர் அதில் நாலு வரி தருவதாகச் சொன்னார். பிழை இதே இடத்தில் ஒரு முழு அத்தியாயமாக வந்தது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இந்த இடத்தைத் தந்தார்.

கந்தோருக்கு வெளியே வாகை மரத்தின் கீழ், எங்களுக்கென்று எடுத்த இன்னொரு தொகுதிப் பிரதிகளைப் பரீதா வாங்கித் தானே பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, தாளைத் தள்ளிப் பிடித்து வாசித்தார். தாயின் பெயரில் கொஞ்சம் நின்றார். மிகப் பழைய தாளுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"கதீஜா உம்மாவா கிணத்தடி உம்மாட பேர்?"

ஓம் என்றேன்.

"அவட உம்மா? அகமதுலெவ்வைட பெஞ்சாதி?"

அதற்கு முந்திய இடாப்பு இல்லை. மதிப்பீட்டு ஏட்டில் பெண்களுக்கு நிரல் இல்லை. கிடைக்கவில்லை என்றேன். தேடிப் பார்ப்பேன், கிடைக்கும் என்று சொல்ல ஏலாது என்றேன்.

"அப்ப அந்த இடத்த விட்டு வைங்க." தாள்களை உறைக்குள் வைத்தார். "இன்னொண்டு ஐயா. பிழையெண்டு மட்டும் எழுதுங்க. என்னப் பாவமெண்டு எழுத வேணாம்."

திருத்தம்

இரண்டு மாதங்களுக்கு முன் இந்தத் தொடரில், பண்டகசாலை ஒழுங்கையில் எந்தக் குடும்பமும் ஒரு தலைமுறைக்கு மேல் தங்கியதில்லை என்று எழுதினேன். அது பிழை. வீட்டுக்கு வந்த ஆண்களின் பெயர்களை மட்டும் வாசித்து எழுதியது. அந்த வாக்கியத்தை மீளப் பெறுகிறேன். ஒழுங்கையின் மற்றப் பத்து வீடுகளுக்கும் இடாப்புகளை இப்போது பார்த்து வருகிறேன். இதுவரை பார்த்த நாலிலும் கதை இதுவே.

ஒன்பதாம் இலக்க வீட்டில், தாய்க்குப் பின் மகளாகத் தொடர்ந்து குடியிருந்தவர்களும் குடியிருப்பவர்களும்:

. . . . . . . . . . (பெயர் தெரியவில்லை), அகமதுலெவ்வையின் மனைவி.

அகமதுலெவ்வை கதீஜா உம்மா.

மீராசாகிபு ஆசியா உம்மா.

ஆதம்பாவா சபியா உம்மா.

இஸ்மாயில் பரீதா.

நஸீர் ரிஸ்னா, வயது இருபத்தைந்து, பண்டகசாலை ஒழுங்கை, திருகோணமலை.